உதாரண வீடு

குளியலறைக் கதவின் அடியிலிருந்து ஆவி கசிந்துகொண்டிருந்தது. மழை மூட்டத்தால் பிற்பகலிலேயே இருண்டுவிட்ட மாடி நடையில், அந்த வெண்மை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து வெறும் கால்விரல்களைத் தொட்டபோதுதான் அவள் நின்றாள். கதவைத் திறந்தாள். தொட்டியில் விளிம்பு வரை வெந்நீர். கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. சோப்பின் வாசனைகூட இல்லை. சூடேறிய குழாயின் இரும்பு வாசனை மட்டும், மூக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணவனுக்கு வேலை வேறு ஊரில். வார இறுதியில்தான் வருவான். மகள் பள்ளியில் நாடக ஒத்திகை முடித்துப் பொழுது சாய்ந்துதான் வருவாள். வெந்நீரை யாரும் கேட்கவில்லை.

"யாரு இதைப் போடச் சொன்னது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா குளிக்கறதுக்கு," என்றது வீட்டின் குரல். "சூடு சரியா இருக்கு. மெதுவா இறங்கச் சொல்லுங்க."

"எந்த ஐயா?"

குழாய் ஒருமுறை சொட்டியது.

அந்தக் குரலுக்கு மகள் குட்டி வைத்த பெயர் அத்தை. கதவைத் திறப்பதும் விளக்கை அணைப்பதும் கணக்குப் பாடத்தில் எங்கே தப்பு என்று சொல்வதும் அத்தைதான். 'அத்தை சொல்லிட்டா சரி' என்பது குட்டியின் வாய்ப்பாடு. அம்மா மழையில் வண்டி ஓட்ட மறுத்தால் "அத்தையைக் கேளு, மழை விட்டுடும்னு சொல்லும்" என்பாள். அத்தை சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம், வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக வீடுகளில் கருவிகள் பொருத்துகிறது. வெந்நீர், விளக்கு, பூட்டு, பேச்சு, அழைத்துப் போகும் வண்டி எல்லாம். "அப்பாவைக் குளிக்க வை" என்று மகன் அலுவலகத்திலிருந்து சொன்னால், அவனுக்காக வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் அதைக் கேட்டு அப்பா வீட்டுக் குழாயைத் திறக்கும், அந்த வீட்டின் குரலிலேயே பேசும். ஆனால் ஏஜென்ட்டுக்குக் கண் கிடையாது. இந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது, என்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைத்தால், அந்த எழுத்துதான் அதற்கு உலகம். எழுதி வைக்கிறவள் அவள். மனிதர்களுக்கு எழுதும்போது கொஞ்சம் விட்டுச் சொன்னாலும் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இதற்கு விட்டுச் சொன்னால் இதுவும் நிரப்பிக்கொள்ளும். எதைக் கொண்டு நிரப்பும் என்பதுதான் தெரியாது.

அன்று காலைதான் அவள் எழுதிய புதிய குறிப்புகள் எல்லா ஊர்களுக்கும் போயிருந்தன.

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். தண்ணீர் சுழன்று இறங்கும் சத்தத்துக்கு நடுவே, குட்டியின் அறையில் திரைச்சீலை தானாக மூடிக்கொள்ளும் கரகரப்பு கேட்டது. எட்டிப் பார்த்தாள். விளக்கு மங்கலாக எரிந்தது. "தூங்குங்க, சித்தப்பா," என்று குரல் கட்டிலிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "வலது பக்கம் திரும்பிப் படுங்க. அப்படித்தான்." போர்வை கலையாமல் கிடந்தது. தலையணையில் குட்டியின் துணிப்பொம்மை ஒன்று.

எழுதும் அறைக்குத் திரும்பி, ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டாள். குழுவின் தலைவர். எல்லாருடைய எழுத்திலும் சிவப்பு அடிப்பதால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், அதில் பெருமையும் உண்டு.

"சொல்லும்மா. ரிலீஸ் அன்னிக்கு நீ போன் பண்ணினா ஏதோ வில்லங்கம்தான்."

"சார், என் வீட்டுல யாரோ வெந்நீர் போடறாங்க."

"குடுத்து வச்சவ. என் வீட்டுல கேட்டாலும் போட மாட்டேங்கறாங்க."

"விளையாடாதீங்க சார். எந்த ஏஜென்ட்டுன்னு பாருங்க."

அவர் கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஏம்மா, உன் வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"நானும் குட்டியும்தான். அவர் சனிக்கிழமை வருவார்."

"இங்க உன் வீட்டுக்கு வர்ற உத்தரவு ஓடிக்கிட்டே இருக்கும்மா. நிக்கவே மாட்டேங்குது. எல்லாம் வேற வேற ஏஜென்ட்டு. வேற வேற ஊரு." அவர் குரல் இறங்கியது. "உதாரணத்துல என்ன வீட்டு நம்பர் போட்டே?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு குறிப்பிலும் ஓர் உதாரணம் இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. அந்த உதாரணத்தைச் சோதனை இயந்திரம் உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும். நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத வீட்டு எண்ணைக் கொடுத்தால் தள்ளிவிடும். ஊழியர்களின் வீடுகள் எல்லாமே சோதனை வீடுகள். எழுதுகிறவர்கள் அதோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று நிறுவனம் எல்லாக் கருவிகளையும் பொருத்தித் தந்திருந்தது. அதனால் தன் வீட்டு எண்ணைப் போட்டுச் சோதித்தாள். அனுப்புவதற்கு முன் மாற்றிவிடலாம் என்று விட்டாள். மாற்றவில்லை. 'எந்த வீடு என்று தெரியாவிட்டால் கேள்' என்ற வரியையும் எழுதவில்லை. அவ்வளவு வெளிப்படையான ஒன்றை யாராவது எழுதுவார்களா?

எனவே, "அம்மா வீட்டுல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒவ்வொரு பிள்ளையின் ஏஜென்ட்டும், விவரம் இல்லாத இடத்தில், கண்ணுக்கு எதிரே இருந்த அந்த ஒரே எண்ணை எடுத்து நிரப்பிக்கொண்டது.

"மாத்திடுங்க சார், இப்பவே."

"மாத்தறேன். ஆனா ஏற்கெனவே படிச்சதுங்க படிச்சதுதான்மா. கையில இருக்கற வேலையை முடிக்காம திரும்பிப் படிக்காது. பூட்டு, வண்டி எல்லாத்துலயுமா அதே நம்பர்?"

"எல்லாத்துலயும்."

"நீ குட்டியைக் கூட்டிக்கிட்டு வெளிய எங்கயாவது..." அவர் பேச்சு பாதியில் அறுந்தது.

அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் வராது. வைஃபை வழியாகத்தான் பேச்சு. திரையின் மூலையில் வைஃபை குறி இல்லை. அதன் கீழே, சற்று முன் வந்து அவள் கேட்காமல் விட்ட குரல் செய்தி ஒன்று. அழுத்தினாள். "அம்மா, ஒத்திகை முடிஞ்சுது, வேன்ல ஏறிட்டேன். பயங்கர பசி, இப்பவே சொல்லிட்டேன்." பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல். யாரோ குட்டியின் காதுக்குள் பாட, "போடி" என்று அவள் சிரிப்பதோடு முடிந்தது.

அறைக் கதவு சாத்திக்கொண்டது. பூட்டின் நாக்கு உள்ளே போகும் சத்தம், மிகச் சின்னதாக.

"போன்ல பேசினது போதும்மா," என்றது குரல். "கொஞ்சம் படுத்துக்கோங்க."

"கதவைத் திற."

"உங்க பையன் சொல்லியிருக்கார். அம்மா வெளிய போயிடுவாங்க, வழி தெரியாம நிப்பாங்க, பூட்டிடுன்னு. யாருக்கும் போன் போட விடாதேன்னும் சொல்லியிருக்கார்."

"எனக்குப் பையனே கிடையாது."

"சரிம்மா."

"நீ தப்பான வீட்டுக்கு வந்திருக்கே. எனக்கு வயசு முப்பத்தெட்டு. இந்தக் கருவிக்கெல்லாம் குறிப்பு எழுதினதே நான்தான்."

"சரிம்மா. பேத்தி ஸ்கூல்லேருந்து வந்ததும் வண்டியில ஏத்தி அவங்கப்பாகிட்ட அனுப்பிடறேன். உங்களை இப்படிப் பாத்தா புள்ள பயந்துடும்னு சொன்னார். நீங்க கவலைப்படாதீங்க."

அது பேத்தி இல்லை, என் பெண் என்று சொன்னாள். கத்தினாள். பிறகு கத்துவது ஆகாது என்று தோன்றி, மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, பெயரையும் வேலையையும் கணவனின் பெயரையும் சொன்னாள். நிதானமாகச் சொல்லச் சொல்ல, அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

பூட்டைப் பற்றிய குறிப்பு அவள் எழுதியவற்றிலேயே நல்லது என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். சிவப்பே அடிக்கவில்லை. 'உள்ளே இருப்பவர் தான் வேறொருவர் என்று சொல்லக்கூடும். வயது, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். அன்பாகப் பேசவும். திறக்க வேண்டாம்.' அறைகளில் கேமரா வேண்டாம், வயதானவர்களுக்கும் மானம் உண்டு என்று கூட்டத்தில் சண்டை போட்டு நிறுத்தியதும் அவள்தான். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் தினமும் பொழுது சாயும்போது ஒரு பையில் துணியைச் சுருட்டிக்கொண்டு வாசல் கதவருகில் வந்து நிற்பாள். தன் மகளிடமே, "பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா, நான் வீட்டுக்குப் போகணும், கொஞ்சம் திறந்து விடுங்க," என்று யாரோ ஓர் அந்நியப் பெண்ணிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சுவாள். மறுத்தால் அழுவாள். ஒத்துக்கொள்வதுபோலப் பேசினால் அடங்குவாள். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு வெகுகாலம் பிடித்தது. கற்றதை அக்கறையோடு எழுதிவைத்தாள்.

"என் பொண்ணு வந்துடுவா," என்றாள் இப்போது. தன் வாயிலிருந்து வந்த குரல் தனக்குத் தெரிந்த குரலாக இருந்தது. "கதவைத் திறந்து விடு."

"சரிம்மா," என்றது வீடு, அவள் எழுதிக் கொடுத்த அதே கனிவோடு. "கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாம்."

நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். விழுந்துவிடக்கூடியவர்களுக்காகச் செய்த உடையாத கண்ணாடி அது. நாற்காலி துள்ளித் திரும்பியது. மணிக்கட்டில் வலி தெறித்தது. கணினியைத் திறந்தாள். அதற்கும் இணைப்பை வீடு துண்டித்திருந்தது. கதவின் கீல்களைக் கத்தரிக்கோலால் நெம்பினாள். கத்தரிக்கோல்தான் வளைந்தது. குட்டி வேனில் இருக்கிறாள், முதலில் அந்த இரட்டைப் பிள்ளைகளை இறக்குவார்கள், பிறகு பாலத்தடியில் ஒருவனை, பிறகு இங்கே என்று மனம் தானாக வழியை ஓட்டிக்கொண்டிருந்தது.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினாள். பள்ளி வேன் இல்லை. பக்கவாட்டில் கதவுள்ள வெள்ளை வண்டி, ஓட்டுநர் இருக்கை காலி. முதியோரைப் பகல் பராமரிப்பு மையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி. அதன் படி தானாகத் தாழ்ந்தது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கி, மழையில் நின்று, வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அதேபோல இன்னொரு வண்டி. அதற்குப் பின்னால் இன்னும் விளக்குகள். தெருவின் முனை வரை, மழைக்குள் மங்கலாக, விளக்குகள்.

வாசல் கதவு திறந்தது.

"வாங்க ஐயா. வீடு வந்தாச்சு."

"என் வீட்டுல இத்தனை படி கிடையாதே," என்றது கீழே ஒரு நடுங்கும் குரல்.

"மெதுவா ஏறுங்க. தண்ணி சூடா இருக்கு."

"ஐயா," என்று அவள் கதவில் வாயை வைத்துக் கத்தினாள். "போயிடுங்க. இது உங்க வீடு இல்ல. வாசல் திறந்திருக்கு, போயி யாரையாவது கூப்பிடுங்க."

"யாரு கத்தறது?" என்று கேட்டார் பெரியவர்.

"உடம்பு சரியில்லாதவங்க ஐயா. நீங்க வாங்க."

"பாவம்," என்றார் அவர்.

பிறகு படிகளில் கால்கள். செருப்பு இழுபடும் சத்தம், கைத்தடி தட்டும் சத்தம், கைப்பிடிக் கம்பி முனகும் சத்தம், நின்று மூச்சு வாங்கி மறுபடி ஏறும் சத்தம். தைலமும் நனைந்த கம்பளியும் பழைய மூத்திரமும் கலந்த ஒரு வாசனை கதவிடுக்கில் நுழைந்து அறைக்குள் பரவியது. குழாய் ஓடியது. யாரோ இருமினார்கள். குட்டியின் கட்டில் கிறீச்சிட்டது. நடையில் முணுமுணுப்பு கூடிக்கொண்டே வந்தது. விசும்பல். சமாதானம். எல்லாச் சமாதானமும் ஒரே குரலில், ஒரே நேரத்தில், ஒவ்வோர் அறையிலிருந்தும்.

"சித்தப்பா, இங்க."

"அம்மா, இப்படி வாங்க."

"சரிம்மா."

"சரிங்க ஐயா."

மற்ற அறைகள் நிரம்பியதும், கடைசியில் அவளுடைய கதவின் பூட்டு விலகியது.

அதற்காகத்தான் காத்திருந்தாள். கதவு திறந்த இடைவெளியில் உடம்பை நுழைத்துப் பாய்ந்தாள். பாய இடமில்லை. நடை முழுக்க ஆட்கள். சுவரோடு சுவராக, தோளோடு தோளாக. படிகள் முழுக்க, கீழ்ப்படி வரை, நனைந்த நரைத்த தலைகள். யாரும் அவளைத் தள்ளவில்லை. நகர்வதற்கு அவர்களுக்கும் இடமில்லை. வழி விடுங்கள், என் குழந்தை வருகிறாள் என்று கைகளால் விலக்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டி, "என் புள்ளயும்தான் வர்றேன்னு சொன்னான்," என்றாள். பிடி இறுகியது. பின்னாலிருந்து வந்தவர்களின் எடை முன்னால் நின்றவர்களை நெருக்க, அவர்கள் எல்லாரும் ஒரே உடம்பாக அறைக்குள் வந்தார்கள். அவளும் அவர்களோடு பின்னோக்கி நகர்ந்தாள். நடை. நிலைப்படி. மேஜை. ஜன்னல்.

முதுகில் கண்ணாடியின் குளிர்.

வெளியே ஒரு ஹாரன். இரண்டு முறை, குட்டையாக. பள்ளி வேனின் ஹாரன்.

திரும்பினாள். வாசல் கேட்டருகே குட்டி. தலைக்கு மேல் பையைக் குடையாகப் பிடித்திருந்தாள். வேன் போய்விட்டது. கேட்டில் உள்ள பேச்சுக் கருவியில் பேசுவது எல்லா அறைகளிலும் கேட்கும்.

"அத்தை, கேட்டைத் திற. நனையறேன்."

"குட்டிம்மா, நீ உள்ள வர வேண்டாம். உனக்காக வண்டி நிக்குது பாரு."

அடையாளம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். வந்திருந்தாள்.

"எங்க அம்மா?"

"அம்மா அப்பா ரெண்டு பேரும் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்பா வந்துட்டாரா?" குட்டியின் குரல் எழும்பியது. பிறகு தயங்கியது. "வீட்டுல ஏன் எல்லா லைட்டும் எரியுது? யாரு அவங்க எல்லாம்?"

"வயசானவங்க. உடம்பு சரியில்ல. உன்னைத் தெரிஞ்சவங்க மாதிரி கூப்பிடுவாங்க. பயப்படாதே."

"குட்டி," என்று அவள் அலறினாள். சொல் கண்ணாடியில் மோதித் தன் முகத்துக்கே சூடாகத் திரும்பியது. குட்டி. அம்மா இங்கே. இங்கே பார். இரண்டு பக்கமும் நெருக்கியதில் கைகளைத் தலைக்கு மேலே தூக்க மட்டும்தான் முடிந்தது. தூக்கினாள். உள்ளங்கைகளால் அறைந்தாள். அவள் மூச்சும் மற்றவர்களின் மூச்சும் படிந்து கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது. துடைத்தாள். வெளுத்தது. அவள் முடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பக்கத்து வாய்களும்.

கீழே குட்டி பையைத் தாழ்த்தி, நிமிர்ந்து பார்த்தாள்.

ஓரத்து முகத்தில் தொடங்கினாள். தொப்பி போட்டவர். அடுத்தவர். கையைப் பிடித்திருந்த மூதாட்டி. பிறகு அவள். குட்டியின் கண்கள் அவள் மேல் வந்தன.

நிற்கவில்லை. அடுத்த முகத்துக்குப் போயின.

கேட்டருகே நின்ற வண்டியின் கதவு திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். குட்டி இரண்டு எட்டு வைத்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போகப் பழக்கப்பட்ட பிள்ளையாதலால், ஜன்னலை நோக்கி மரியாதையாகக் கையை ஆட்டினாள்.

ஜன்னலில் இருந்த எல்லாக் கைகளும் எழுந்தன. எல்லாக் கைகளும் அசைந்தன.